குளிர்கால விடுமுறையில் கயாக்கும் தூண்டிலும்: எந்தத் தண்ணீர் உங்களுக்கு?

குளிர்காலத்தில் கடற்கரை விடுமுறை தேடும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மணலையும் தங்கும் வீட்டையும்தான். வெயில் காய்வதும் காலாற நடப்பதும் மட்டும் திட்டம் என்றால் அது போதும். துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகான கயாக்கில் போக வேண்டும், தூண்டிலும் போட வேண்டும் என்றால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது தண்ணீரை. வீடும் மணலும் அப்புறம்.

தேர்வு பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அலை நேராக வந்து விழும் திறந்த கடற்கரை ஒன்று. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் தீவின் பின்பக்கத்துக் காயல் இன்னொன்று. முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளும் அலையாத்திக் காடும் மூன்றாவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கயாக், தூண்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும் என்பவர்களுக்குத் தீவின் பின்பக்கம்தான் சரி. மற்ற இரண்டுக்கும் ஏற்ற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

காற்றுதான் தீர்மானிக்கிறது

கோடையில் காற்று பெரும்பாலும் பிற்பகலில் கடலிலிருந்து எழுந்து மாலையில் அடங்கும். விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடலாம். குளிர்காலக் காற்றின் போக்கு வேறு. மெக்சிகோ வளைகுடாவின் வட கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்முகப்பு, அதாவது நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, வருவதற்கு முந்தைய நாள் காற்று தெற்கிலிருந்து ஈரமாகவும் இதமாகவும் வீசும். முகப்பு கடந்த சில மணி நேரத்தில் அதே காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். வானம் பளிச்சென்று தெளிந்திருக்கும், குளிர் ஏறும், இரண்டு மூன்று நாள் கூட விடாமல் அடிக்கும். பிறகு தணிந்து மறுபடி தெற்கிலிருந்து வீசும். பாஹா கலிஃபோர்னியாவுக்கும் மெக்சிகோ நிலப்பகுதிக்கும் நடுவே உள்ள கோர்ட்டெஸ் கடலிலும் குளிர்கால வடகாற்று நாள்கணக்கில் நிற்காமல் வீசும். ஒரு வாரம் தங்கினால் இப்படி ஒரு சுற்று வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது.

மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் திறந்த நீரில் அங்கங்கே வெண்ணுரை தெரியத் தொடங்கும். 20 முதல் 28 என்றால் எங்கு பார்த்தாலும் வெண்ணுரை. அதிகம் பழகாத ஒருவர் ஓட்டும் அகலமான மீன்பிடிக் கயாக் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர்தான் போகும். 20-ஐத் தாண்டிய எதிர்க்காற்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். துடுப்பைக் கீழே வைத்துத் தூண்டிலைக் கையில் எடுத்தால், மீன் இருந்த இடத்தைவிட்டு நீங்கள் எங்கோ போயிருப்பீர்கள். ஆகவே ஒரு இடத்தை மதிப்பிடும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இது: காற்று இந்தத் திசையிலிருந்து அடித்தால் ஒதுங்க ஒரு கரை இருக்கிறதா? அது திரும்பினால் இன்னொரு கரை இருக்கிறதா?

திறந்த கடற்கரை

தூண்டிலுக்கு மட்டும் என்றால் திறந்த கடற்கரையைக் குறை சொல்ல முடியாது. அலை உடையும் இடத்தில் நீருக்கடியில் ஒரு மணல்திட்டு இருக்கும், அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். கிழங்கான் மாதிரியான மீன்கள் இரை தேடுவது அந்தப் பள்ளத்தில்தான். பல நேரம் அது கரையிலிருந்து 20, 30 மீட்டருக்குள் இருக்கும். தூரமாக வீச வேண்டும் என்ற ஆசையில் மீனைத் தாண்டி வீசுபவர்கள்தான் அதிகம். நீர் வற்றியிருக்கும்போது ஒருமுறை நடந்து பார்த்துத் திட்டுகளுக்கு நடுவே இடைவெளி எங்கே என்று மனத்தில் குறித்துக்கொண்டால், நீர் ஏறியபின் எங்கே வீசுவது என்பது தெரிந்துவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் கடல்நோக்கி இழுக்கும் நீரோட்டமும் போகும். மீனுக்கு நல்ல இடம், குளிப்பவர்களுக்கு மோசமான இடம். அப்படி யாராவது இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

கயாக்குக்குத் திறந்த கடற்கரையைக் குளிர்காலத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். உடையும் அலையைத் தாண்டிப் போவது ஒரு வித்தை, திரும்பி வருவது அதைவிடக் கடினமான வித்தை. கயாக் அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் புரட்டிப் போட்டுவிடும். தூண்டில் கழி, கொக்கி, கத்தி எல்லாம் மேலே இருக்கும்போது புரள்வது வெறும் நனைதலோடு போகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து அமைதியான நாளில் இருக்கிறது. கடற்கரை தெற்கு நோக்கி இருந்து காற்று வடக்கிலிருந்து வீசினால், கரையோரத்தில் அலையே இருக்காது. கண்ணாடி மாதிரிக் கிடக்கும் கடலைப் பார்த்துக் குழந்தைகளைக்கூட ஏற்றிவிடத் தோன்றும். கரையிலுள்ள வீடுகளும் மணல்மேடும் மறைப்பதால்தான் அந்த அமைதி. 200 மீட்டர் தள்ளிப் போனதும் காற்று முழு வேகத்தில் முதுகில் பிடித்து வெளியே தள்ளும். திரும்பும்போதுதான் அதன் பலம் புரியும், அப்போது கரை தூரத்தில் இருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் திறந்த கடலுக்குள் போகக் கூடாது என்பதை விலக்கே இல்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பின்பக்கம்

மணல் தீவுகளின் அழகே இதுதான்: முன்பக்கம் கடல், பின்பக்கம் காயல், நடுவில் நடக்கும் தூரம். டெக்சாஸின் பாத்ரே தீவு சுமார் 180 கிலோமீட்டர் நீளம், இந்த வகைத் தீவுகளில் உலகிலேயே நீளமானது. அதன் பின்னால் கிடக்கும் லகூனா மாத்ரேயின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். புளோரிடாவின் மேற்குக் கரையில் சானிபெல், பைன் தீவுகளைச் சுற்றிக் கயாக்குக்கென்றே குறிக்கப்பட்ட நீர்வழி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் போகிறது. இந்த இடங்களுக்கே போகச் சொல்லவில்லை. இந்த அமைப்பு உலகின் பல கரைகளில் உண்டு, அதைத் தேடுங்கள் என்கிறேன்.

காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கே ஒதுங்க ஒரு கரை கிடைக்கும். கவிழ்ந்தாலும் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். கடற்புல் வளர்ந்த தரை, நடுநடுவே மணல் திட்டு, ஓரத்தில் ஓடை வாய் என்று மீன் இருக்கும் இடங்களைக் கண்ணாலேயே படித்துவிடலாம். புல்லும் மணலும் சந்திக்கும் விளிம்பை ஒட்டி மெதுவாக மிதந்துகொண்டே செயற்கை இரையை வீசுவது கயாக் மீன்பிடிப்பிலேயே எனக்குப் பிடித்த முறை. என்ஜின் சத்தம் இல்லை, 20 சென்டிமீட்டர் தண்ணீரிலும் போகலாம், மடவைக் கூட்டம் துள்ளுவதைப் பார்த்து அதன் பின்னால் துரத்தும் மீன் எது என்று ஊகிக்கலாம்.

இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. முதலாவது, ஆழமற்ற காயலில் குளிர்காலக் காற்று தண்ணீரையே இடம்பெயர்த்துவிடும். நீரேற்ற அட்டவணையில் ஒரு கணக்கு இருக்கும், வெளியே போய்ப் பார்த்தால் நேற்று மிதந்த இடத்தில் சேறு தெரியும். பலத்த காற்று ஒரே திசையில் இரண்டு நாள் அடித்திருந்தால் அட்டவணையைவிட நேரில் பார்ப்பதையே நம்புங்கள். இரண்டாவது, தரை. எல்லா இடத்திலும் மணல் இருக்காது. முழங்கால் புதையும் சேறும் பாதத்தைக் கிழிக்கும் சிப்பித் திட்டுகளும் உண்டு, தடித்த அடி கொண்ட காலணி இல்லாமல் இறங்க வேண்டாம். திருக்கை இருக்கும் கரைகளில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிப்போகும்.

அலையாத்திக் காடு

காற்று விடாமல் அடிக்கும் நாட்களில் கயாக் விட முடிகிற ஒரே இடம் பல ஊர்களில் இதுவாகத்தான் இருக்கும். வேர்களும் கிளைகளும் இரு பக்கமும் சுவர்போல நிற்பதால் வெளியே வெண்ணுரை பறக்கும்போதும் உள்ளே இலை மட்டும்தான் ஆடும். குளிர் இறங்கும்போது மீனும் இங்கேதான் ஒதுங்கும். ஓடை வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் அரித்த ஆழமான குழி இருக்கும். காலைக் குளிரில் மீன் அங்கே அடியில் அசையாமல் கிடக்கும். பிற்பகல் வெயிலில் கரிய சேற்றுத் தரை சூடேறியதும் ஆழமற்ற இடத்துக்கு ஏறி வரும். ஆகவே குளிர்காலத்தில் அதிகாலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியம் இல்லை. பத்து மணிக்கு மேல் நிதானமாகக் கிளம்பலாம்.

ஆனால் வழி தெரிய வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் முந்தைய திருப்பம் போலவே இருக்கும். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து ஃபிளமிங்கோ வரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளும் நீர்வழியில் எண்ணிட்ட அடையாளக் கம்பங்களை நட்டு வைத்திருப்பதே இதனால்தான். அங்கே குளிர்காலம் வறண்ட பருவம், கொசு குறைவு, ஆகவே கயாக்கில் போகிறவர்கள் தேடுவது அந்த மாதங்களைத்தான். வழிகாட்டி இல்லாமல் போனால் கைப்பேசியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பாதீர்கள். நீர் வற்றும் நேரத்தில் குறுகலான ஓடைக்குள் போனால் சேற்றில் உட்கார்ந்து மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். ஏறும் நீரோடு உள்ளே போய் இறங்கும் நீரோடு வெளியே வருவதுதான் முறை. இடமும் குறுகல். கழியைத் தலைக்கு மேல் வீச முடியாது, கொக்கி கிளையில் மாட்டும், குட்டையான கழியால் பக்கவாட்டில் வீசப் பழக வேண்டும்.

அதோடு, வெப்பமண்டல அலையாத்திகளில் முதலை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வட ஆஸ்திரேலியாவின் முகத்துவாரங்களிலும் சுந்தரவனத்திலும் உவர்நீர் முதலை இருக்கிறது. அந்த மாதிரி நீரில் கயாக் வேண்டவே வேண்டாம்.

கயாக்கே முதன்மை, மணல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் இரண்டு பெரியவர்களுக்கு அலையாத்திதான் சிறந்தது. குழந்தைகளோடு போனால் இரண்டாம் நாளே கடற்கரை எங்கே என்று கேட்பார்கள், அது ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும். கயாக் பக்கமே போகாமல் கரையில் நின்று தூண்டில் போடுவதுதான் விருப்பம் என்பவர் திறந்த கடற்கரைக்கே போகலாம், காயலுக்காக அலைய வேண்டாம்.

தண்ணீரின் குளிர்

வெயில் இதமாக இருக்கிறது, 24 டிகிரி என்று தொலைபேசி காட்டுகிறது, அரைக்கால் சட்டை போதும் என்று தோன்றும். உடையைத் தீர்மானிக்க வேண்டியது காற்றின் வெப்பநிலையைப் பார்த்து அல்ல, தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து. தண்ணீர் உடலிலிருந்து வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக எடுத்துக்கொள்ளும். 21 டிகிரிக்குக் கீழே போனாலே எச்சரிக்கை வேண்டும். 15-க்குக் கீழே என்றால் விழுந்த நொடியில் மூச்சுத் திணறி, நம்மையறியாமல் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும் அபாயம் உண்டு. நல்ல நீச்சல்காரருக்கும் இது பொருந்தும். மூச்சு சீராகும் வரை தலையை மேலே வைத்திருப்பது உயிர்காப்புச் சட்டைதான், அதனால் அதைக் கயாக்கில் வைத்திருப்பதில் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். 15-க்குக் கீழே இருக்கும் இடத்தில் நீரில் நனைந்தாலும் சூட்டைக் காக்கும் உடை இல்லாமல் போகாதீர்கள். அந்த உடை கிடைக்காவிட்டால் அன்று கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள்.

மீனுக்கும் இதே கதைதான். கொடுவாவின் சாயலில் இருக்கும் ஸ்நூக் மீன் 15 டிகிரிக்குக் கீழே சோர்ந்துபோகும், இன்னும் இறங்கினால் செத்து மிதக்கும். 2010 ஜனவரியில் புளோரிடாவில் அப்படித்தான் ஏராளமாகச் செத்தன. 2021 பிப்ரவரி உறைகுளிரில் டெக்சாஸ் கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் இறந்ததாக அம்மாநில வனவிலங்குத் துறை கணக்கிட்டது, அதிகம் அடிபட்டது லகூனா மாத்ரே. ஆழமற்ற நீர் வேகமாகக் குளிர்ந்துவிடுவதுதான் காரணம். நான் பரிந்துரைக்கும் இடத்தின் பலவீனம் இது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதனால்தான் பக்கத்தில் ஆழமான ஓடையோ கால்வாயோ உள்ள காயலைத் தேட வேண்டும்: குளிர் நாளில் மீன் போகும் இடம் அது, நீங்களும் அங்கே போகலாம். குளிரில் மரத்துக் கிடக்கும் மீனைப் பிடித்தால் கையை நனைத்துக்கொண்டு எடுத்து உடனே விட்டுவிடுங்கள். ஸ்நூக்குக்குப் புளோரிடாவின் மேற்குக் கரையில் பல பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய வைத்துக்கொள்ளத் தடையே உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் உரிமமும் இந்த மாதிரித் தடைக்காலமும் என்ன என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம், எந்த வாரம்

கடல் மெதுவாகத்தான் குளிரும். வட அரைக்கோளத்தில் திறந்த கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். அதனால் டிசம்பர் தொடக்கத்தில் போனால் கோடையின் வெதுவெதுப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பதிலுக்குப் பகல் குறுகல்: 25 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பத்தரை மணி நேரம்தான் வெளிச்சம். பிப்ரவரியில் பகல் நீளும், நீர் குளிர்ந்திருக்கும். நான் டிசம்பர் முதல் பாதியைத்தான் தேர்ந்தெடுப்பேன், நீர் வெப்பத்துக்காக.

வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீரேற்ற அட்டவணையையும் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். முதல் நாள் காலை பத்து மணிக்கு ஏற்றம் என்றால் கடைசி நாள் அதே நேரத்தில் வற்றம். வாரம் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பலாம் என்ற எண்ணம் இங்கேதான் உடையும். மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம்தான், அங்கே கணக்கு வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும். மீனுக்கு அது நல்லது. புதிதாகக் கயாக் ஏறுபவர்களுக்கு எட்டாம் பிறையை ஒட்டிய மந்தமான நீரோட்டம் நல்லது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் என்றால் புதியவருக்காக வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கயாக்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மேலே அமரும் வகைதான் மீன்பிடிக்க வசதி: கவிழ்ந்தால் மறுபடி ஏறிவிடலாம், விழுந்த தண்ணீர் துளைகள் வழியே வடிந்துவிடும். உள்ளே அமரும் வகையில் கால் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் கவிழ்ந்து நிறைந்துவிட்டால் பயிற்சி இல்லாதவரால் ஆழத்தில் மீட்க முடியாது. காலால் மிதித்து ஓட்டும் வகை இரண்டு கையையும் தூண்டிலுக்கு விட்டுவிடும், காற்றிலும் நன்றாகப் போகும். ஆனால் முழங்கால் தண்ணீரில் அதன் துடுப்பு கடற்புல்லில் சிக்கும். காயலுக்குச் சாதாரணத் துடுப்பே மேல். நங்கூரம் போட்டால் முனையிலிருந்தோ பின்னாலிருந்தோ போடுங்கள். ஓடும் நீரில் பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் கயாக்கைக் கவிழ்த்துவிடும்.

வரைபடத்தில்

வீட்டை முன்பதிவு செய்வதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் நான்கு விஷயம் பாருங்கள். தீவு அந்த இடத்தில் எவ்வளவு அகலம்? ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் கடலுக்கும் காயலுக்கும் நடந்தே போகலாம், காரில் கயாக்கை ஏற்றி இறக்கும் வேலை மிச்சம். காயல் பக்கம் கயாக் இறக்க மணல் சரிவு இருக்கிறதா, அல்லது தனியார் மரமேடைகள் மட்டும்தானா? எதிர்க்கரை எவ்வளவு தூரம்? அகலமான காயல் காற்றில் சின்னக் கடலாகிவிடும், நடுவே தீவுத்திட்டுகள் சிதறிக் கிடந்தால் நல்லது. கடைசியாக, கடலும் காயலும் கலக்கும் முகத்துவாரம். நீர் இறங்கும்போது காயல் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும், எதிர்காற்றும் சேர்ந்தால் அங்கே செங்குத்தான அலை எழும். மீன் அங்கே நிறைய இருக்கும், கரையில் நின்று போடுங்கள். கயாக் இறக்கும் இடம் அதிலிருந்து குறைந்தது 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும்.